சுறாவின் உடலில் ஒரு சமரசம்

உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர்விட்டுச் சுருங்குவதற்குக் காரணமான சவ்வூடு பரவல் என்னும் நியதி, கடல்வாழ் பிராணிகளின் உயிரணுக்களையும் ஓயாமல் நெருக்கிக்கொண்டிருக்கிறது. சுற்றியுள்ள நீரில் உப்பு மிகுந்தால் அணுவின் உள்ளிருக்கும் ஜலம் வெளியேறிவிட, உரிய வடிவில் மடிந்திருந்தாலன்றித் தொழில் புரிய இயலாத புரதங்கள், நெரிசலிலும் உப்பிலும் அகப்பட்டு உருக்குலையத் தொடங்குகின்றன.

இந்த ஆபத்தைச் சுறாமீன் சமாளிக்கும் விதம் பேராச்சரியமானது. நாம் சிறுநீரில் கழித்துவிடும் யூரியாவைச் சுறா பெருமளவில் உடலிலேயே தேக்கிக்கொண்டு, அதன் பலத்தால், கடல்நீருக்குச் சற்றும் குறையாத செறிவைத் தன் குருதிக்கும் உயிரணுக்களுக்கும் தேடிக்கொள்கிறது. யூரியாவோ புரதங்களுக்குப் பரம விரோதி. புரதச் சங்கிலியோடு நேரே உறவாடி அதன் மடிப்புகளை அவிழ்த்துவிடும் சுபாவம் உடையது. ஆராய்ச்சிச்சாலையில் ஒரு புரதத்தைக் குலைக்க விரும்பும் ரசாயனிகள் பெரும்பாலும் நாடுவது செறிந்த யூரியாக் கரைசலைத்தான்.

அந்த விரோதியை உடலெங்கும் வைத்துக்கொண்டு சுறா நலமாக நீந்துவதற்குக் காரணம், ட்ரைமெத்திலமைன் ஆக்ஸைடு என்னும் மற்றொரு பதார்த்தம். தசையில் ஏறக்குறைய 2 பங்கு யூரியாவுக்கு 1 பங்கு வீதம் கலந்திருக்கும் இது, புரதச் சங்கிலியை நெருங்காமல் விலகி நிற்கும் இயல்புடையது. அப்படி விலகி நிற்பதனாலேயே, இது நிறைந்த நீரில் தன் சங்கிலியை விரித்துக் காட்டுவது புரதத்துக்கு நஷ்டமாக முடிகிறது. ஆகவே அது முன்னிலும் இறுக்கமாக மடிந்துகொள்கிறது. ஒன்று அவிழ்க்க, மற்றொன்று மடிக்க, இரண்டின் விளைவும் பெரும்பாலும் ஈடாகிவிடுகின்றன. இத்தகைய பதார்த்தங்களைப் பற்றிப் பால் யான்சி, ஜார்ஜ் சொமேரோ முதலியோர் 1982-இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையை இத்துறையின் அஸ்திவாரங்களுள் ஒன்று என்றே சொல்வேன். சுறா இறந்தபின் பாக்டீரியாக்கள் யூரியாவைச் சிதைக்கும்போது அமோனியாவின் நெடியும், மற்றதைச் சிதைக்கும்போது மீன் கவிச்சும் எழுகின்றன.

நம் சரீரத்திலும் இத்தகைய நெருக்கடி நேரும் இடம் உண்டு. குருதியின் செறிவு ஏறக்குறைய 300 மில்லி ஆஸ்மோலாக இருக்க, நீர் அருந்தாது தாகித்திருக்கும் வேளையில் சிறுநீரகத்தின் உட்பகுதியில் அது 1,200 வரை ஏறிவிடுகிறது. அங்கே செறிவு உயர்ந்ததும், என்எஃப்ஏடி5 என்ற புரதம் உயிரணுவின் உட்கருவுக்குள் புகுந்து தக்க மரபணுக்களை முடுக்கிவிட, அவற்றால் உண்டாகும் நொதியொன்று குளுக்கோஸைச் சார்பிட்டாலாக மாற்றுகிறது. வேறு சில புரதங்கள் பீட்டேன், இனாசிட்டால் ஆகியவற்றை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவந்து சேர்க்கின்றன. எவ்வளவு சேர்ந்தாலும் புரதங்களின் வேலைக்கு இடையூறு செய்யாதவை என்பதே இவற்றின் விசேஷம்.

நீரிழப்பு நாட்கணக்கில் நீடிக்கும்போது மூளையின் உயிரணுக்களும் இவ்வாறே சேமித்துத் தம்மைக் காத்துக்கொள்கின்றன. ஆனால் சேமித்ததை உடனே வெளியேற்ற அவற்றால் இயலாது. ஆகையால், குருதியில் சோடியம் பல நாட்களாக மிகுந்திருக்கும் நோயாளிக்கு ஒரேயடியாக நீரை ஏற்றினால் அது மூளைக்குள் பாய்ந்து வீக்கம் உண்டாக்கும் என்பதை அறிந்த மருத்துவர்கள், அந்தச் சோடியத்தை மெல்ல மெல்லவே குறைக்கிறார்கள்.