வெள்ளம் வடிந்த பின்னர் வரும் இழப்பு

சூறாவளி ஒன்று கரையைக் கடந்து போன மறுநாள் வானொலியில் சொல்லப்படும் கணக்கு எமக்குப் பழக்கமானது. இறந்தோர் இத்தனை பேர், இடிந்த வீடுகள் இத்தனை, பாடசாலைகளில் தங்கியிருக்கும் குடும்பங்கள் இத்தனை. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளிக்கும் அப்படியொரு கணக்கு உண்டு. ஏறத்தாழ 915 பேர் இறந்தனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். இரண்டரை இலட்சம் வீடுகள் வரையில் சேதமடைந்தன. அதே கணக்கின் கீழ்ப்பகுதியில் இன்னொரு வரியும் இருந்தது. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 28,000 ஏக்கர் வரையில், அழிந்துபோயிற்று. தென்னம்பிள்ளை காய்க்க ஐந்து தொடக்கம் ஏழு ஆண்டுகள் செல்லும். 1979இல் நட்டவர் 1985 வரையில் காத்திருக்க வேண்டும். அதற்கிடையில் 1983 வந்துவிட்டது. நட்ட கன்றுக்கு நீரூற்ற ஊரில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்பதை எந்தக் கணக்கும் சொல்லவில்லை.

சூறாவளி ஓர் இரவில் முடிகிறது. அது தரும் இழப்புகள் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு ஆயுள். மரக்கறித் தோட்டம் அழிந்தால் இரண்டு மூன்று மாதம். நெல் அழிந்தால் ஒரு போகம். கறவைப் பசு செத்தால் அதன் இடத்துக்கு ஒரு கன்று வளர்ந்து பால் தர மூன்று ஆண்டு. பனை விழுந்தால் ஒரு தலைமுறை. இவற்றுள் முதலிரண்டின் பெரும்பகுதி சூறாவளியன்று தீர்மானிக்கப்படுவதில்லை. வெள்ளம் வடிந்த பின் வரும் ஐந்தாறு வாரங்களில், எமது கைகளிலும் அலுவலகங்களின் கோப்புகளிலும் அவை தீர்மானிக்கப்படுகின்றன. இடம்பெயர்ந்து வேற்றூரில் வேறொருவர் காணியில் கமஞ்செய்யும் குடும்பங்கள் அந்த வாரங்களிலேயே அதிகம் இழக்கின்றன.

ஏன் எப்போதும் காலபோகத்தில்?

வடக்கு, கிழக்கைத் தாக்கிய சூறாவளிகளின் திகதிகளைப் பாருங்கள். தனுஷ்கோடியை அழித்த சூறாவளி எமது வடபகுதியையும் தாக்கியது 1964 டிசம்பர் 22, 23இல். மட்டக்களப்புச் சூறாவளி 1978 நவம்பரில். நிஷா 2008 நவம்பரில். திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவி 2020 டிசம்பர் 2இல். மலையகத்தில் மண்சரிவுகளையும் மகாவலியின் கீழ்ப்பகுதிகளில் பெருவெள்ளத்தையும் உண்டாக்கி 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன டித்வா 2025 நவம்பர் இறுதியில். எமக்கு மழை தரும் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலமும் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகி எமது பக்கம் நகரும் காலமும் ஒன்றே. குளத்தை நிரப்புவதும் குளத்தை உடைப்பதும் ஒரே மழைதான்.

அந்த வேளையில் நெல் ஒரு மாதம், ஒன்றரை மாதப் பயிர். உழவுக்கூலி, விதை, முதற் பசளை, களைநாசினி யாவும் மண்ணுக்குள் போய்விட்டன. கையில் காசில்லை, கடையில் கடன் உண்டு. அடகுவைத்த நகையை மீட்கும் நாள் தை மாத அறுவடையை நம்பியே குறிக்கப்பட்டிருக்கும்.

நிஷாவின்போது யாழ்ப்பாணத்தில் ஒரே வாரத்தில் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தது. இதை ஏக்கர்க் கணக்கில் சொன்னால் விளங்கும். ஓர் ஏக்கர் நிலத்தில் 500 மில்லிமீற்றர் மழை என்பது இருபது இலட்சம் லீற்றர் தண்ணீர். 5,000 லீற்றர் பவுசர் ஒன்று 400 தடவை வந்து ஊற்றிய அளவு. வன்னியில் தறப்பாளின் கீழ் இருந்த குடும்பங்களின் மேலும் அதே நாட்களில் பெருமழை பெய்தது. போரினால் இரண்டு மூன்று தடவை எழும்பி ஓடியவர்கள் நீரினால் மீண்டும் எழும்பி ஓடினார்கள்.

இவ்வளவு நீரும் ஓரிடத்தில் நிற்பதில்லை. எமது குளங்கள் தனித்தனியானவை அல்ல. மேற்குளத்தின் வான் பாய்ந்தால் அந்த நீர் கீழ்க்குளத்துக்கு வரும். அதன் வான் அடுத்ததற்கு. ஆகவே மேலேயுள்ள சிறு குளமொன்று உடைத்தால் கீழேயுள்ள நல்ல குளமும் தாங்காமல் உடைக்கக்கூடும். 1957 டிசம்பர் வெள்ளத்தில் உலர்வலயத்தில் பல குளங்கள் உடைப்பெடுத்தன. 2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தாழ்நிலக் கிராமங்கள் நீருக்குள் போயின. பெரிய குளத்தைப் பார்க்க நீர்ப்பாசனத் திணைக்களம் இருக்கிறது. கிராமத்துச் சிறு குளத்தைப் பார்ப்பது அந்த ஊரார். ஊரார் பத்து, இருபது ஆண்டுகள் இல்லாதிருந்தால்?

மீளக் குடியேறியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆளில்லாத ஊரின் குளக்கட்டில் மரங்கள் வளர்ந்திருக்கும். பார்வைக்கு அவை கட்டைப் பிடித்து வைத்திருப்பவை போலத் தோன்றும். மரம் பட்டுப்போனால் வேர் உக்கி, அந்த வழியே கட்டுக்குள் குழாய் போன்ற துவாரம் உண்டாகும். கறையான் புற்று, எலிவளை, மாடுகள் ஏறி இறங்கிய தடம் எல்லாம் நீருக்கு வாசல்கள். கட்டின் வெளிப்புற அடியில் தெளிந்த நீர் கசிந்தால் கண் வைத்திருக்க வேண்டும். கலங்கிய நீர் கசிந்தால் மண் அரிபடுகிறது என்று பொருள், அன்றைக்கே கமநல சேவை நிலையத்துக்கு அறிவித்துக் கீழேயுள்ள வீடுகளுக்கும் சொல்ல வேண்டும். இந்தச் சோதனையைப் புரட்டாதியில், குளம் வற்றிக் கிடக்கையில் செய்வதே புத்தி.

நீரில் நின்ற நெல்

நெல் நீரை விரும்பும் பயிர், அதற்கு ஒன்றும் ஆகாது என்பார் சிலர். வேர் நீரில் நிற்பது வேறு, நுனியும் நீருக்குள் போவது வேறு. முழுதாக மூழ்கிய சாதாரண நெல்லினம் ஒரு வாரத்தின் பின் சாகத் தொடங்கும். ஓடுகிற தெளிந்த நீரில் இன்னும் சில நாள் தாங்கும். தேங்கிய சேற்று நீரில் அதற்கு முன்னரே போய்விடும். ஏனெனில் கலங்கிய நீருக்குள் வெளிச்சம் போகாது, இலை மூச்சுவிடவும் முடியாது. வெள்ளந் தாங்கும் நெல்லினங்களைத் தேடிய விஞ்ஞானிகள் கண்ட மிகச் சில இனங்களுள் இலங்கையின் கூர்க்கறுப்பனும் ஒன்று. பெயரிலேயே அது எங்கள் வயலின் நெல் என்று தெரிகிறது. இன்று எத்தனை பேர் வீட்டில் அந்த விதை உண்டு?

வெள்ளம் வடிந்ததும் வயலைப் பார்த்து, எல்லாம் போயிற்று என்று கைவிடுவதும், உடனே ஒரு மூடை யூரியாவைக் கொட்டுவதும் பொதுவாக நடப்பவை. இரண்டும் நட்டம். நான்கைந்து நாள் பொறுங்கள். பின்னர் வயலின் பல இடங்களில் சில தூர்களைப் பிடுங்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். குருத்து பச்சையாக, உறுதியாக இருந்து, வெள்ளை வேர் புதிதாக விட்டிருந்தால் இலை எவ்வளவு அழுகியிருந்தாலும் பயிர் உயிரோடிருக்கிறது. குருத்தை இழுத்ததும் கையோடு வந்து நாறினால் அது முடிந்தது. உயிருள்ள பயிருக்கும் புதிய இலை வந்த பின்னரே பசளை. அதற்கு முன் இடும் யூரியாவை அழுகிய வேர் எடுக்காது; அது வடியும் நீரோடு அடுத்தவர் வயலுக்குப் போகும். இடைவெளி உள்ள இடங்களுக்கு, நெருக்கமாக நிற்கும் பக்கத்திலிருந்து தூர்களைப் பிரித்து நடலாம். இதற்குக் காசு வேண்டாம், வீட்டாரின் உழைப்பே போதும்.

பாதிக்கு மேல் செத்திருந்தால் மீள விதைப்பதா என்பதே கேள்வி. இதற்கு நாட்காட்டியே விடை சொல்லும். டிசம்பர் நடுப்பகுதிக்குள் மூன்று மாத இனத்தை விதைத்தால் மார்ச் நடுவில் அறுக்கலாம். இரண்டரை மாத இனமான பீஜி 250 கிடைத்தால் மாசிக் கடைசியில் முடிந்துவிடும். குளத்து நீர் பாயும் வயலுக்கு இது சரி. மானாவாரி வயலுக்குச் சரியல்ல. தை நடுவில் மழை நின்றுவிட்டால் கதிர் வரும் வேளையில் பயிர் காயும், இரண்டாம் முறையும் விதை நட்டம். அங்கே நெல்லை மறந்து, நிலம் பதமாகும்வரை பொறுத்திருந்து பயறோ உழுந்தோ போடுவது நல்லது. மேட்டுநிலக் கச்சானும் மிளகாயும் நீர் தேங்கிய நிலத்தில் இரண்டு மூன்று நாளே தாங்குவன. அவற்றுக்கு வாய்க்கால் வெட்டி நீரை இறக்குவது ஒன்றே மருந்து, அதுவும் மழை நிற்கும் முன்பே.

நனைந்த விதைநெல்லை எறிந்துவிடாதீர்கள். நிழலில் பரப்பிக் காயவைத்து, நூறு மணிகளை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள். 85 முளைத்தால் நல்ல விதை. 70 என்றால் கூடுதலாக விதைக்கலாம். 50க்குக் கீழே போனால் அதை நம்பி உழ வேண்டாம்.

நிவாரணம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் அரிசியும் பருப்பும் பாயும் எல்லாத் திசைகளிலிருந்தும் வருகின்றன; ஒரே முகாமுக்கு மூன்று லொறி வந்து நிற்பதும் உண்டு. மூன்றாம் வாரத்தில், மீள விதைக்கக்கூடிய கடைசி நாட்களில், விதைநெல்லோடு வருவோர் அரிது. ஏக்கருக்கு இரண்டு புசல் விதை அந்த வாரத்தில் கிடைத்தால் அடுத்த ஆறு மாத நிவாரணம் தேவைப்படாது. உதவ வருவோரிடம் இதை நீங்களே கேளுங்கள்.

உப்பும் கிணறும்

கடல் பொங்கி வந்த நிலத்தின் கதை வேறு. உப்பேறிய வயலை ஈரத்தோடு உழுதால் உப்பு இன்னும் கீழே கலக்கும். வரம்பைக் கட்டி மழைநீரைத் தேக்கி, இரண்டொரு நாளில் வெட்டிவிட்டு, திரும்பவும் தேக்கி, இப்படி மூன்று நான்கு தடவை கழுவ வேண்டும்.

கரையோரக் கிணற்றைப் பற்றி 2004 சுனாமி ஒரு பாடம் தந்தது. மணற்பாங்கான கரையோரத்தில் நிலத்தடி நன்னீர், உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கிழக்கில் பலர் நல்ல எண்ணத்தோடு பம்பி வைத்துக் கிணறுகளைத் திரும்பத் திரும்ப வற்ற இறைத்தார்கள். சில இடங்களில் கீழேயிருந்த உப்புநீர் மேலேறிவிட்டது. மெதுவாக, ஒரு தடவை இறைத்துக் குப்பை சேற்றை அகற்றினால் போதும்; மீதியை மழை செய்யும். உள்நாட்டுக் கிணறானாலும் சுற்றிலும் நிலம் ஊறியிருக்கையில் ஒரேயடியாக வற்ற இறைத்தால் சுவர் உள்ளே சரியலாம். குளோரின் இடப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழையுங்கள். அதுவரை கொதித்தாறிய நீர்.

வெள்ளத்துக்குப் பின் வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் பெரிய ஆபத்து. 2024 நவம்பர் வெள்ளத்தை அடுத்து யாழ்ப்பாணத்தில் டிசம்பரில் காய்ச்சலால் சிலர் இறந்தபோது முதலில் அது என்ன நோயென்று மக்களுக்குத் தெரியவில்லை. பின்னரே எலிக்காய்ச்சல் என உறுதியாயிற்று. சேற்றில் இறங்குமுன் சுகாதார அலுவலகத்தில் தடுப்பு மாத்திரை கேட்டு வாங்கலாம். காய்ச்சலும் தசை நோவும் கண்டால் பனடோலோடு வீட்டில் இருக்க வேண்டாம். மாடுகளையும் மறவாதீர். 2022 டிசம்பரில் மாண்டஸ் சூறாவளி எமது கரையில் ஏறவேயில்லை. அதன் குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கு, கிழக்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் செத்தன. ஒதுங்க ஒரு கொட்டில் இருந்திருந்தால் பல பிழைத்திருக்கும்.

கண்ணிவெடி அகற்றி முடியாத பகுதிகளை அண்டி இருப்போர், வெள்ளத்தின் பின் பழைய பாதையைப் பழைய பாதை என்று நம்பக்கூடாது. நீர் எச்சரிக்கைப் பலகையை இழுத்துச் செல்லும். மண்ணை அரித்து வெடியையும் நகர்த்தும்.

யாருடைய பெயரில் இழப்பு?

இனி இடம்பெயர்ந்தவரின் தனி இழப்புக்கு வருவோம். வெள்ளம் வயலை அழித்தால் கமநல சேவை நிலையம் பதிவேட்டைப் பார்க்கிறது. காப்புறுதியானாலும், விதை மானியமானாலும், பசளைக் காசானாலும் பதிவேட்டில் உள்ள பெயருக்கே போகும். வயலின் சொந்தக்காரர் கொழும்பிலோ கனடாவிலோ இருப்பார். உழுதவர், விதைத்தவர், கடன்பட்டவர் வாய்ச்சொல்லில் குத்தகைக்கு எடுத்தவர். எனவே இழப்பு ஒருவருக்கு, இழப்பீடு இன்னொருவருக்கு. இதில் எவரும் களவு செய்யவில்லை. கடதாசி இல்லை, அவ்வளவுதான்.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வைக்கப்படும் விவசாயக் காணிப் பதிவேட்டில் குத்தகைக்குச் செய்பவரின் பெயரையும் பதியக் கேட்கலாம். சொந்தக்காரர் பலர் இதற்குத் தயங்குவர். பெயரைப் பதியவிட்டால் காணி கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. எமது சனம் எத்தனை தடவை காணியை இழந்திருக்கிறது என்று எண்ணிப்பார்த்தால் அந்தப் பயத்தைக் குறைசொல்ல முடியாது. ஆகவே குறைந்தபட்சம், ஒரு போகத்துக்கு மட்டும் என்று தெளிவாகக் குறித்த கடிதமொன்றை விதைப்புக்கு முன்னரே வாங்கிக்கொள்ளுங்கள். வயலின் பெயர், ஏக்கர் அளவு, எந்த ஆண்டின் எந்தப் போகம், அழிவு நேர்ந்தால் இழப்பீடு யாருக்கு என்பவை அதில் இருக்கட்டும். இருவரும் ஒப்பமிட்டு, கமக்கார அமைப்பின் செயலாளரும் கிராம உத்தியோகத்தரும் சாட்சியிட வேண்டும். விதைத்த வயலில் நின்று ஒரு படமும், வெள்ளம் நிற்கையில் ஒரு படமும் எடுத்துவையுங்கள். இப்போது கைத்தொலைபேசி இல்லாத வீடு குறைவு.

இந்தக் கடிதமும், அடையாள அட்டையும், பிறப்புச் சான்றும், சொந்த ஊர்க் காணியின் உறுதியோ அனுமதிப்பத்திரமோ ஒரே பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, கார்த்திகை பிறந்ததும் பெட்டியிலிருந்து எடுத்து வளையில் தொங்கவிடப்பட வேண்டும். ஒரு பிரதி வேறு ஊரிலுள்ள உறவினர் ஒருவர் வீட்டில் இருக்கட்டும்.