கள்ளநோட்டை அறிந்துகொள்வதும் மார்க்கக் கடமையே

இரவு கடை அடைக்கும் நேரத்தில் கல்லாவை எண்ணுகிறோம். ஒரு 500 ரூபாய் நோட்டு கள்ளநோட்டாக இருக்கிறது. கொடுத்தவர் யார் என்று தெரியவில்லை. "பஸ்ஸில் கொடுத்து மாற்றிவிடு" என்பார் ஒருவர். "பள்ளிவாசல் உண்டியலில் போட்டுவிடு" என்பார் இன்னொருவர். ஏமாந்தது நாம்தானே என்று மனமும் சமாதானம் சொல்லும்.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா எனக் கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். மழை பெய்தது அவர் குற்றமல்ல. நனைந்ததை மறைத்ததே குற்றம். நம் கைக்கு வந்த கள்ளநோட்டும் அப்படித்தான்.

ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் போலி திர்ஹம் பற்றிப் பேசுகிறார்கள். அது கைமாறும் ஒவ்வொரு முறையும் அதன் பாவம் முதலில் தள்ளிவிட்டவரையும் சேரும் என்கிறார்கள். வியாபாரி நாணயத்தைச் சோதிக்கக் கற்க வேண்டும்; அறியாமல்கூடப் பிறருக்குப் போலியைக் கொடுத்துவிடக் கூடாது என்பதே அதற்கு அவர்கள் சொல்லும் காரணம்.

அந்த வகையில், நம்மிடம் அதிகம் புழங்கும் 500 ரூபாய் நோட்டைச் சோதிக்கும் முறையை அறிந்துகொள்வோம்.

1. தடவிப் பாருங்கள்: காந்தி படம், அசோகத் தூண் சின்னம், இரு ஓரங்களிலும் உள்ள ஐந்து சாய்கோடுகள் ஆகியவை விரலுக்கு மேடாகத் தட்டுப்படும்.

2. சாய்த்துப் பாருங்கள்: பாதுகாப்பு இழையும், கீழே வலப்பக்கம் உள்ள 500 என்ற எண்ணும் பச்சையிலிருந்து நீலமாக மாறும்.

3. வெளிச்சத்தில் பிடியுங்கள்: அச்சில்லாத வெள்ளைப் பகுதியில் காந்தி உருவமும் 500 என்ற எண்ணும் நீர்க்குறியாகத் தெரியும்.

4. வரிசை எண்ணைக் கவனியுங்கள்: இலக்கங்கள் இடமிருந்து வலமாகச் சிறிதிலிருந்து பெரிதாக வளரும்.

ஒரே அடையாளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நல்ல நோட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வரிசை எண்ணில் நட்சத்திரக் குறி இருந்தால் கள்ளநோட்டு என்பது வெறும் வதந்தி. அவையும் செல்லும் என ரிசர்வ் வங்கி 2023இல் தெளிவுபடுத்தியது.

போலி திர்ஹத்தைக் கிணற்றில் எறிந்துவிடுவதே நல்லது என்றார்கள் இமாமவர்கள். இன்று நாம் செய்ய வேண்டியது வங்கியில் ஒப்படைப்பது. வங்கி அதில் முத்திரை குத்திப் பறிமுதல் செய்து, ரசீது தரும். மாற்றுப் பணம் தராது. ஒரே தடவையில் ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தால் காவல்துறையில் வழக்குப் பதிவாகும். தெரிந்தே அடுத்தவரிடம் மாற்றினால், பாரதிய நியாய சன்ஹிதா 179ஆம் பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை கிடைக்கலாம்.

500 ரூபாய் நஷ்டம் நம்மோடு முடியட்டும். தள்ளிவிட்டால் அது இளநீர் விற்கும் பெரியவரின், பூக்கட்டும் தாயின் ஒருநாள் கூலியாகப் போய்விடும். வீட்டுப் பெண்களுக்கும், கடைக்கு அனுப்பும் பிள்ளைகளுக்கும் இன்றே ஒரு நோட்டைக் கையில் கொடுத்துச் சொல்லித் தருவோம்.

ஹலாலைத் தேடவும் ஹராமை விட்டு விலகவும் அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.