சளி பிடித்த முயல் ஏன் தீனியைத் தொடுவதில்லை?

முயல் மூக்கால் மூச்சுவிடும் பிராணி. அதன் குரல்வளை மூடி மெல்லண்ணத்துக்கு மேலே அமர்ந்திருப்பதால், வாய்வழியாகக் காற்று எளிதில் போகாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கும் முயல் உயிராபத்தில் இருக்கிறது; உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

கவனிப்பாரற்றுக் கூண்டில் கிடக்கும் வயதான முயலுக்குச் சளி ஏன் பிடிக்கிறது? பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா பல முயல்களின் மூக்கில் சத்தமின்றிக் குடியிருக்கிறது. சிறுநீரில் ஊறிய படுக்கையிலிருந்து எழும் அம்மோனியா மூக்கின் உட்சவ்வைப் புண்ணாக்கி, அந்தப் பாக்டீரியாவுக்கு வழிவிடுகிறது. பல் வேர்கள் நீண்டு கண்ணீர்க் குழாயை அழுத்துவதும் உண்டு. முன்னங்காலின் உட்புற ரோமம் சடைபிடித்திருந்தால், பாவம், அது மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

சளியால் மோப்பம் போனால் பசி போகும். தின்னாவிட்டால் குடல் இயக்கம் நின்றுவிடும். அரை நாள் தீனி தொடாததே அவசர நிலைதான். கூண்டைச் சுத்தமாக்கி, தூசியில்லாத உலர்புல்லும் தண்ணீரும் வையுங்கள். வீட்டிலிருக்கும் அமாக்சிசிலினை வாயில் புகட்டவே கூடாது: குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சுக்கிருமிகள் பெருகி, முயல் இறந்துபோகலாம். மருத்துவர் தரும் மருந்தை, மூக்கொழுகல் நின்றதும் நாமாக நிறுத்தவும் கூடாது.