பிரிண்டருக்குள் ஓர் அடுப்பு

‘கம்ப்யூட்டரையே தாங்குகிற யூபிஎஸ், ஒரு லேசர் பிரிண்டரைத் தாங்காதா?’ என்று கேட்டு எழுதியிருக்கிறார் ஒரு வாசகர். பிரிண்டரை அதில் மாட்டியதற்காக மெக்கானிக் திட்டிவிட்டுப் போனாராம். திட்டியது சரி. சாதாரண ஆபீஸ் கம்ப்யூட்டர், மானிட்டரோடு சேர்த்தாலும் பெரும்பாலும் 100 வாட்டைச் சுற்றியே நிற்கும். லேசர் பிரிண்டரோ சூடேறும் சில விநாடிகளில் 500 முதல் 1,000 வாட் வரை இழுக்கும்.

டிரம், லேசர் கதையெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். என்னைக் கவர்ந்தது கடைசியில் இருக்கும் ஃபியூசர். டோனர் திரவ மை அல்ல. கரி கலந்த பிளாஸ்டிக் பொடி. தாளின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். பாதி வழியில் தாளை உருவி விரலால் தேய்த்தால் எழுத்து அழிந்துவிடும். ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் சுழலும் உருளைக்கும், அதை அழுத்தும் ரப்பர் உருளைக்கும் நடுவே நுழைந்து வரும்போதுதான் பொடி உருகித் தாளைப் பற்றுகிறது.

பழைய மெஷின்களில் அந்த உருளை ஓர் அலுமினியக் குழாய், உள்ளே ஹாலஜன் விளக்கு. குழாய் காய நேரமாகும் என்பதால் வேலையில்லாதபோதும் சூட்டை இறங்க விடுவதில்லை. எங்கள் தெருமுனை மெஸ்ஸில் மத்தியானம் மூன்று மணிக்கும் தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும், அதே கதைதான். பிற்பாடு உருளைக்குப் பதில் மெல்லிய படலமும் அதன் பின்னே செராமிக் ஹீட்டரும் வந்தன. தாள் வரும்போது மட்டும் சூடானால் போதும். பெரிய ஜெராக்ஸ் மெஷின்களில் இன்னும் உருளையைப் பார்க்கலாம். அவற்றில் ‘ஸ்லீப்’ வசதி உண்டு. முதல் தாள் தாமதமாகிறது என்று அதை ஆஃப் செய்துவைக்கும் ஆபீஸ்களும் உண்டு. டீக்கு அரை மணி நேரம் போகிறவர்களுக்கு அந்த அரை நிமிடம்தான் பொறுக்கவில்லை!

இத்தனைக்கும், 600 வாட்டில் நிமிடத்துக்கு 20 பக்கம் அடித்தால் ஒரு யூனிட்டுக்கு 2,000 பக்கம் வரும். அச்சுக்கு ஆகும் கரண்ட் சொற்பம். தாளுக்கு ஆனது அப்படியில்லை. ஆலையில் கம்பிவலைமேல் விழும் கூழில் சுமார் 99 சதவீதம் தண்ணீர். வடித்து, பிழிந்து, மிச்சத்தை நீராவி ஓடும் உருளைகளில் காயவைக்கிறார்கள். கரும்புச் சக்கையைக் கூழாக்கும் நம் கரூர் மாவட்டத்து ஆலையில் மரம் மிச்சமாகலாம். காயவைக்கும் வேலை மிச்சமாகாது. ஒரு தாளை அச்சடிப்பதைவிட அதை உண்டாக்கப் பல மடங்கு சக்தி போயிருக்கிறது. அந்தத் தாளில்தான் மூன்று வரிச் சுற்றறிக்கையை மேஜைக்கு ஒன்றாக அடித்து, முதுகு வெள்ளையாகவே ஃபைலில் கோக்கிறோம்.

இருபக்க அச்சு இன்று பல பிரிண்டர்களில் இருக்கிறது. ஒருமுறை செட்டிங்கில் மாற்றிவைத்தால் போதும். ஃபியூசரின் செலவு அதனால் குறையாது. இரண்டாம் பக்கத்துக்காகத் தாள் மறுபடி அதற்குள் போய்த்தான் வரவேண்டும். குறைவது ஆலையில் ஆகிற செலவு.