ஒரே டோஸ், வேறு வேறு உடம்பு

திருப்பூர் சாயப்பட்டறையில் எடுத்த எடுப்பிலேயே முழு லாட்டையும் மெஷினில் ஏற்றிவிட மாட்டார்கள். சின்னத் துண்டுக்கு லேபில் சாயமேற்றி, ‘லேப் டிப்’ ஓகே ஆன பிறகுதான் லாட் ஏறும். ரெசிப்பி ஒன்றாக இருந்தாலும் நூல் மாறினால் ஷேடு மாறும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்கும்போது, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை தரும்போது மட்டும் இப்படி ஒரு முன்சோதனை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

மார்பகப் புற்றுநோய்க்கு இன்று பரவலாகக் கொடுப்பது 15 நாள் சிகிச்சையில் மொத்தம் 40 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). இரண்டு பெண்களுக்கு இதே அளவு போகிறது. ஒருவருக்குத் தோல் கறுப்பதோடு சரி. இன்னொருவருக்கு உரிந்து புண்ணாகிவிடுகிறது. சர்க்கரை நோய், புகைப்பழக்கம், உடல்வாகு எல்லாம் இதற்குக் காரணமாகலாம். அவற்றையெல்லாம் கழித்த பின்னும் வித்தியாசம் மிஞ்சுகிறது. கதிர் பட்டு அறுந்த டி.என்.ஏ.வைச் செல் எவ்வளவு வேகமாகச் சரிசெய்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுவது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

அந்த வேகத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதிலுள்ள வெள்ளணுக்கள்மீது ஆய்வகத்திலேயே கதிரைப் பாய்ச்சுகிறார்கள். 1 கிரே பட்டால் ஒரு செல்லுக்குள் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் ஏறக்குறைய 40 இடங்களில் அறுகின்றன. அறுந்த இடத்தைச் சுற்றி எச்2ஏஎக்ஸ் என்ற புரதம் சில நிமிடங்களிலேயே அடையாளம் ஏற்கிறது. ஒளிரும் சாயம் சேர்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், உட்கருவுக்குள் புள்ளி புள்ளியாக மின்னும். பழுது சரியாகச் சரியாகப் புள்ளிகள் மறையும். சில மணி நேரம் கழித்தும் நிறையப் புள்ளிகள் தங்கியிருந்தால் பழுதுநீக்கம் மந்தம்.

கர்நாடகத்தின் மணிப்பால் ஆய்வாளர்கள் மார்பகப் புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் இதைச் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். தோல் அதிகம் பாதிக்கப்பட்டவர்களிடம் இந்த மிச்சப் பழுது கூடுதலாக இருந்தது. பிரான்சின் மோன்பெலியே குழு வேறொன்றைக் கண்டது: கதிர்பட்ட வெள்ளணுக்கள் எவருக்குக் குறைவாகச் சாகின்றனவோ, அவருக்குத்தான் பின்னாளில் மார்பகத் திசு இறுகும் அபாயம் அதிகம். எதிர்பார்ப்புக்கு நேர்மாறான முடிவு!

ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண்ணிக்கை மாறுவதால் இந்தச் சோதனைகள் தினசரி மருத்துவத்துக்குள் இன்னும் முழுதாக வரவில்லை. ஆனாலும் நம் ஊரில் பணம் செலவழிக்க வேண்டிய ஆராய்ச்சி இதுதான் என்பேன். ஷிப்ட் கணக்கில் சம்பளம் வாங்கும் பனியன் கம்பெனிப் பெண்ணுக்கு, ஆறாத புண் என்பது வலியோடு போவதில்லை, வருமானமும் போகிறது.

சோதனை வரும்வரை நம் கையில் இருப்பது இவ்வளவுதான்: லூபஸ், ஸ்கிளிரோடெர்மா போன்ற நோயோ, முன்பு கரண்ட் வைத்த வரலாறோ இருந்தால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தோல் எரிந்தாலும் சொல்லுங்கள்; பயந்துபோய்ச் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.