கூரைப் பாசிக்கு பிளீச்சிங் பவுடர்: அளவு தெரிந்தால் மருந்து, கலப்படமானால் விஷம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து தை பிறந்ததும் கிராமத்து வீடுகளின் தலைப்பக்கம் நிறம் மாறிக் கிடக்கும். மொட்டைமாடித் தட்டோடு கறுத்திருக்கும். ஓட்டுச் சாய்ப்பில் பச்சை படர்ந்திருக்கும். உளுந்தோ மிளகாயோ காயப்போட மாடிக்கு ஏறினால் கால் வழுக்கும். உடனே வீட்டில் யாராவது ஒருவர், "பிளீச்சிங் பவுடரைக் கரைச்சு ஊத்துங்க, பளிச்சுனு போயிடும்" என்பார்.

போகும் என்பது உண்மைதான். விலையும் குறைவு, உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும். ஊராட்சியில் குடிநீர்த் தொட்டிக்குப் போடுவதையும் சாக்கடை ஓரம் தூவுவதையும் தினம் பார்த்துப் பழகியதால், ஏதோ கோலமாவு போல சாதுவான பொடி என்ற நினைப்பு நமக்கு வந்துவிட்டது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

நீர்த்த சுண்ணாம்பில் குளோரின் வாயுவை ஏற்றித் தயாரிப்பதுதான் பிளீச்சிங் பவுடர். நல்ல புதுப் பொடியில் நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் வேலை செய்யும் குளோரின் இருக்கும். மூட்டையைப் பிரித்த நாளிலிருந்து அது குறைந்துகொண்டே வரும். காற்று, ஈரம், வெயில் மூன்றுமே அதற்கு ஆகாது. மூக்கைத் துளைக்கும் வாடை போய், பொடி கட்டிகட்டியாகக் கசிந்திருந்தால் உள்ளே மிச்சம் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புதான். அதை எவ்வளவு கொட்டினாலும் பாசி போகாது. 65, 70 சதவிகிதம் குளோரின் உள்ள குருணையும் கடைகளில் விற்கிறது. அது வேறு சரக்கு. அதை வாங்கினால் இங்கே சொல்லும் அளவில் பாதி போதும்.

கிணற்று நீரைச் சுத்தப்படுத்த 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் என்பது சுகாதாரத் துறையினர் பின்பற்றும் வழக்கமான கணக்கு. கூரைப் பாசிக்கு 10 லிட்டருக்கே 350 கிராம் தேவைப்படும். ஒரு லிட்டருக்குக் கணக்குப் போட்டால் கிணற்றுக்குப் போடுவதைப்போல 14,000 மடங்கு. குடிக்கிற தண்ணீரில் போடுவதுதானே என்று வெறுங்கையால் அள்ளுகிறவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைக்க வேண்டும்.

கரைக்கும் விதம்

பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பொடி. பொடியைப் போட்டுவிட்டு மேலே தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும், சூடும் கிளம்பும். திறந்த வெளியில், காற்று நம் முதுகுப் பக்கம் இருந்து வீசும்படி நின்று, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் குச்சியால் கலக்கி, ஒரு மணி நேரம் அப்படியே விட வேண்டும். வெள்ளை வண்டல் அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்கும் நீரைத்தான் எடுக்க வேண்டும். தெளியவிடாமல் கலங்கலாகவே ஊற்றுவது நம் ஊரில் வழக்கம். காய்ந்ததும் தரை வெள்ளையாகத் தெரியும். பாசி போய்விட்டது என்று சந்தோஷப்படுவார்கள். அந்த வெள்ளையில் பாதி, சுண்ணாம்பு படிந்ததுதான். அடியில் பாசி அப்படியே இருக்கும்.

தெளிந்த நீரை பிளாஸ்டிக் பூவாளியில் ஊற்றித் தெளிக்கலாம். பயிருக்கு மருந்து அடிக்கும் தெளிப்பானை இதற்கு எடுக்கவே கூடாது. உள்ளே ஒட்டியிருக்கும் பூச்சிமருந்து மிச்சத்தோடு குளோரின் சேரும். பித்தளை முனையும் ரப்பர் வாஷரும் கெடும். புகைபோலத் தெளித்தால் சாரல் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் போகும்.

வெயில் தாழ்ந்த பிறகு செய்வது நல்லது. உச்சி வெயிலில் ஊற்றினால் பாசியில் ஊறுவதற்குள் காய்ந்து, குளோரினும் வீணாகும். காய்ந்த சருகு, மண், பறவை எச்சம் எல்லாவற்றையும் முதலில் பெருக்கித் தள்ளிவிட வேண்டும். குப்பை இருந்தால் மருந்தை அதுவே குடித்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, ஈர்க்குமாறு அல்லது நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஓட்டில் சாம்பல் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும் மரப்பாசி அன்றே வராது. செத்த பிறகு சில வாரங்களில் தானாக உதிரும். அதைக் கரண்டியால் சுரண்டி ஓட்டைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கைப்பிடிச்சுவர் வெடிப்பில் முளைத்த அரச, ஆலங்கன்றுகளுக்கும் இது மருந்தல்ல. வேரோடு தோண்டி எடுத்து வெடிப்பைப் பூச வேண்டும்.

எல்லாக் கூரைக்கும் ஆகாது

தட்டோடு பதித்த மாடி, சிமென்ட் பூசிய தளம், சீமை ஓடு ஆகியவை தாங்கும். கான்கிரீட் வெடித்துக் கம்பி வெளியே தெரியும் இடத்தில் ஊற்றக் கூடாது. கம்பி இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். தகரக் கூரையிலும் அதே கதைதான், நாகப்பூச்சு போய்விடும். அதற்கு சோப்புத் தண்ணீர் போதும். கீற்றுக்குப் பயன் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை, அதுவும் பழையதை, எதைக் கொண்டும் தேய்க்காமல் விடுவதே நல்லது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் கிளம்பும் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் நார் இருக்கிறது. அந்த ஷீட்டின் மேல் ஏறி, அது உடைந்து விழுவது தனி ஆபத்து. ஓட்டுக் கூரையையும் மேலே ஏறி மிதிக்காமல், கீழே ஒருவர் பிடித்திருக்கும் ஏணியில் நின்று செய்வதே முறை. பவுடர் நீர் பட்ட பாசி முன்னைவிட மோசமாக வழுக்கும்.

மூட்டை இருக்க வேண்டிய இடம்

விவசாயி வீட்டில் மற்றவர்களைவிட அதிக எச்சரிக்கை தேவைப்படுவது இதில்தான். மீதிப் பவுடர் வழக்கமாகப் போய்ச் சேரும் இடம் உர மூட்டை அடுக்கிய அறை. யூரியாவும் பிளீச்சிங் பவுடரும் ஈரத்தில் சேர்ந்தால் நைட்ரஜன் டிரைகுளோரைடு என்ற பொருள் உண்டாகும். அது தானாகவே வெடிக்கக் கூடியது. அம்மோனியம் சல்பேட், டி.ஏ.பி. பக்கத்திலும் வைக்கக் கூடாது. சாம்பல் நோய்க்கு வாங்கி வைத்த கந்தகத் தூள், டீசல், மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய் இவற்றோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், ஈரமில்லாத, நிழலான, பிள்ளைகள் கைக்கு எட்டாத தனி இடம் வேண்டும். அவ்வளவு இடவசதி இல்லாத வீட்டில், தேவையான ஒரு கிலோவை மட்டும் வாங்கி அன்றே தீர்த்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொன்று, ஆசிட். பாசி நன்றாகப் போகட்டும் என்று கழிவறை கழுவும் ஆசிட்டை அதே வாளியில் ஊற்றுபவர்கள் உண்டு. அந்த நிமிடமே பச்சை மஞ்சளாகக் குளோரின் வாயு கிளம்பும். 1915-ல், முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ர் ஊர் அருகே எதிரிகளைக் கொல்ல ஜெர்மானியப் படை திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். முதல் நாள் பவுடர், மறுநாள் ஆசிட் என்று மாற்றி ஊற்றுவதும், இடையில் நன்றாகக் கழுவாவிட்டால், அதே விளைவைத் தரும். மாட்டுத் தொழுவத்தில் கோமியம் தேங்கிய தரையில் பவுடரைத் தூவினாலும் கண் எரியும் வாயு வரும். சாணம், மூத்திரம் போகத் தண்ணீர் விட்டுக் கழுவி, மாடுகளை வெளியே கட்டிய பிறகே தொழுவத்தில் பயன்படுத்தலாம்.

கையுறை, கண்ணாடி, காலை மூடும் ரப்பர் செருப்பு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது விடாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாயுவை இழுத்து இருமல், மூச்சுத் திணறல் வந்தால் ஆளைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108-ஐ அழைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று படுக்கவைக்கக் கூடாது. நெஞ்சில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் வரும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

கழுவிய நீர்

தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. மாடிக் குழாய் தரைத்தொட்டிக்கோ கிணற்றுக்கோ போகும் வீடுகளில், கழுவத் தொடங்கும் முன் அந்த இணைப்பைக் கழற்றி வெறும் நிலத்துக்குத் திருப்ப வேண்டும். மீன் குட்டை, அசோலா தொட்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி பக்கம் ஒரு சொட்டும் போகக் கூடாது. மனிதருக்கு வாடைகூடத் தெரியாத அளவு குளோரின் மீனைக் கொன்றுவிடும். இறவாணத்தின் கீழ் கறிவேப்பிலையோ முருங்கையோ அவரைப் பந்தலோ இருந்தால், முதலில் இலையும் வேர்ப்பகுதியும் நனைய நல்ல தண்ணீர் ஊற்றி, வேலை முடிந்த பிறகு இன்னொரு முறை இலையைக் கழுவிவிட வேண்டும்.

மாடியை இரண்டு மூன்று முறை கழுவி, வாடை முழுதும் போன பிறகே தானியம் காயப்போடலாம். கழற்றிய குழாயை அன்றே மாட்டிவிட வேண்டாம். அடுத்து வரும் முதல் மழை முழுதும் வெளியே ஓடட்டும். அதன் பிறகும் ஓடி வரும் நீரில் மருந்து வாடை அடித்தால் அந்த மழையையும் விட்டுவிட்டு, அதற்கடுத்த மழைக்குத் தொட்டியோடு இணைக்கலாம்.