ஆற்றில் போட்ட மனு
நம்ம ஊர், நம்ம ஆபீஸ் – 11

திங்கட்கிழமை காலையில் விருத்தாசலம் பேருந்து நிலையத்தில் கடலூர் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் மனுக்காரர்களைத் தனியாகக் கண்டுபிடித்துவிடலாம். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே ஆதார், ரேஷன் அட்டை ஜெராக்ஸ், பழுப்பேறிய பழைய பட்டா நகல். அவற்றுக்கு மேலே, மடிப்பு விழாமல் பார்த்துப் பார்த்து வைத்த ஒரு வெள்ளைத்தாள். மந்தாரக்குப்பம், வடலூர், குறிஞ்சிப்பாடி என்று சுமார் 60 கிலோமீட்டர் போய், ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று, மனுவைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும்.

சரி, கொடுத்த மனு என்ன ஆகிறது? எண் போட்டுப் பதிந்து, சம்பந்தப்பட்ட துறைக்கு விசாரணைக்கு அனுப்புகிறார்கள். பட்டா விவகாரம் என்றால் விருத்தாசலம் வட்டாட்சியருக்கு. சாக்கடை, தெருவிளக்கு என்றால் விருத்தாசலம் நகராட்சிக்கு. மனுக்காரர் பஸ் ஏறிய ஊருக்கே மனுவும் பின்னாலேயே வந்து சேர்கிறது!

இந்த ஊருக்கு இது பழகிய கதைதான். திருமுதுகுன்றம் என்ற பழைய பெயரோடு இருந்த காலத்தில், இறைவன் கொடுத்த 12,000 பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிறான்’ என்று கேலி பேசுகிறவர்கள் அதில் ஒரு துணுக்கை விட்டுவிடுகிறார்கள். பொன்னை ஆற்றில் விடுமுன் சுந்தரர் அதில் கொஞ்சம் மச்சம், அதாவது மாதிரி, வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன் மாற்றுக் குறைவாக இருந்தபோது அந்த மச்சத்தோடு ஒப்பிட்டுத்தான் வழக்காடினார். சாமியிடமே சாம்பிள் வைத்துக்கொண்டவர் அவர். நாமோ மனுவைக் கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம்.

மனுவுக்காக ஒரு நாள் போனால் என்ன என்று கேட்பவர்கள் எங்கள் ஊர் செராமிக் பொம்மைப் பட்டறை ஒன்றில் அரை மணி நேரம் நின்று பார்க்க வேண்டும். களிமண்ணும் மற்ற மூலப்பொருள்களும் சேர்த்துக் கரைத்த குழம்பைப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்சுவரில் மண் படிந்து தடிக்கிறது. போதுமான கனம் வந்ததும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்துக் கொட்ட வேண்டும். முந்தினால் பொம்மை சப்பையாகும். பிந்தினால் கனத்துப் போகும். பிறகு அச்சைப் பிரித்து, ஒட்டுத் தழும்பைக் கத்தியால் வழித்து, ஈரத் துணியால் துடைத்துக் காயவைக்கிறார்கள். இத்தனைக்கும் ஆள் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். அவர் கடலூர் போன அன்று அச்சுகள் சும்மா கிடக்கும். கொலுவுக்கு முந்தைய மாதங்களில் அப்படி ஒரு நாள் விடுவது சாதாரணமா?

2025-ல் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. 35 வயது கடந்த கைவினைஞருக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். மண்பாண்டத் தொழிலும் பட்டியலில் உண்டு. “பீங்கான் பொம்மை செய்றவங்க அதுல சேருவாங்களா சார்?” என்பது பட்டறைக்காரரின் கேள்வி. பதில் சொல்ல வேண்டிய மாவட்டத் தொழில் மையம் இருப்பது கடலூரில். மறுபடியும் பஸ்.

அதனால்தான் விருத்தாசலத்தைத் தனி மாவட்டமாக்கு என்ற குரல் ஓயாமல் கேட்கிறது. 1993-ல் தென்னாற்காடு இரண்டாகப் பிரிந்தது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. விருத்தாசலம் இன்னும் கோட்டத் தலைநகர்தான். கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாவட்டம் வரும்வரை மனுவைத் தேக்கி வைக்க முடியாதே. நம் வாசலுக்கே வந்துபோகிற வாய்ப்புகளை நாம் கவனிப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் ஜமாபந்தி. பசலி ஆண்டு ஜூன் 30-ல் முடிவதால், மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகத்தில் குறுவட்டம் குறுவட்டமாகக் கணக்குப் பார்ப்பார்கள். கிராம நிர்வாக அலுவலர் அடங்கலும் சிட்டாவும் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். நில அளவைச் சங்கிலி முதற்கொண்டு மேஜையில் ஆய்வுக்கு இருக்கும். வருவாய் ஆய்வாளர், சர்வேயர், வட்டாட்சியர் எல்லோரும் ஒரே பந்தலில். “ஃபைல் மேல போயிருக்கு” என்று அன்றைக்கு யாரும் சொல்ல முடியாது. பட்டாவில் அப்பா பெயரில் ஓர் எழுத்து தப்பு என்பது போன்ற வழக்குகளுக்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை. நகரத்தில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபை. 2025 ஜூலை 15-ல் பக்கத்துச் சிதம்பரத்தில் தொடங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களில் 45 நாளில் தீர்வு என்றார்கள்.

இதெல்லாம் எப்போது, எங்கே என்ற சேதிதான் தெருவுக்கு வருவதில்லை. 2022-ல் தண்டோராவுக்கு அரசு தடை விதித்தது. சரியான முடிவு, ஒரு சமூகத்தின் தோளில் பறையை மாட்டி ஊரைச் சுற்றவிட்ட வழக்கம் ஒழிய வேண்டியதே. அதற்கு மாற்றாக ஒலிபெருக்கி கட்டிய வண்டி என்றார்கள். உங்கள் தெருவில் அந்த வண்டியைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? இப்போது சேதி வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. குழுவில் இல்லாத பாட்டிக்கு முதியோர் ஓய்வூதிய முகாம் முடிந்த மறுநாள்தான் தெரியவருகிறது.

அடுத்த ஜமாபந்தித் தேதியை இப்போதே உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வையுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் சொல்லுங்கள். மனுவை எங்கே கொடுத்தாலும் எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் படி இறங்காதீர்கள். 30 நாள் கழித்தும் பதில் வராவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, என் மனு யார் மேஜையில் இருக்கிறது என்று கேட்க அந்த எண் வேண்டும்.